தளபதிக்குக் குரல் கொடுத்தவர்

"இது தளபதியின் குரலே இல்லை" என்று எழுதினார்கள். "காது கூசுது" என்று எழுதினார்கள். "எங்கள் சின்ன வயதையே நாசமாக்கிவிட்டீர்கள்" என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். ஒரு கம்ப்யூட்டர் கேமுக்காக இவ்வளவு ஆவேசம். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இலங்கையில், மாத்தளை டவுனில் ஒரு புடவைக் கடை வாசலில் மைக் பிடித்து நிற்கிறவர் என்பது எழுதியவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கேவலமாக எழுதியிருப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். உக்குவளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். டவுனில் அவர் நின்ற புடவைக் கடைக்கு நேரெதிரே, ஃபோனும் கம்ப்யூட்டரும் திருத்துகிற கடையில் நான் இருந்தேன். ஆறு வருஷம் அவர் குரல் ரோட்டைத் தாண்டி வந்து என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

மற்றக் கடைகளில் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார்கள். அக்கா "கேக்குதாங்க?" என்று மட்டும் கேட்பார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் யாராவது ஒருவர் "கேக்குது, கேக்குது" என்று சத்தம் போடுவார். அதற்குப் பிறகுதான் ஆரம்பிப்பார். "வாங்கம்மா, வந்து பாருங்க. எடுக்காட்டியும் பரவால்ல. வெயிலுக்குக் கொஞ்சம் உள்ளுக்கு வந்து நில்லுங்க." முதலாளி முதலில் பதறிப்போனார். எடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்று எந்தக் கடையில் சொல்வார்கள்? ஆனால் ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் எடுக்கவும் செய்தார்கள். முதலாளி மாத்தளையிலேயே பரம்பரையாக வியாபாரம் செய்கிற முஸ்லிம் மனுஷன். "சரி மகள், நீங்க உங்கட இஷ்டத்துக்கே பேசுங்க" என்று விட்டுவிட்டார். சிங்களத்தில் அழைக்கும்போதும் அக்கா இதே மாதிரிதான் அழைப்பார், வீட்டுக்கு வந்தவர்களை உள்ளே கூப்பிடுகிற மாதிரி.

ஒரு நாள் தமிழ் படிப்பிக்கிற டீச்சர் ஒருவர் கடைக்குள் ஏறினார். நான் அப்போது அங்கே பில் போடுகிற மெஷினைத் திருத்திக்கொண்டிருந்தேன். "பிள்ளை, மைக்கில் 'வாங்க' என்று சொல்லக் கூடாது. 'வாருங்கள்' என்று அழகாகச் சொல்ல வேண்டும். படித்தவர்களும் போய் வருகிற ரோடு இது" என்றார். அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு மரியாதையாக நின்று கேட்டார். பிறகு சொன்னார்.

"சரிங்க டீச்சர். ஆனா நான் வாங்கன்னு கூப்பிட்டதும் நீங்க உள்ளுக்கு வந்துட்டீங்கதானே?"

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு சட்டைத் துணி எடுத்துக்கொண்டு போனார்.

அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு தமிழ். பேங்க்கிலும் அதுதான், பிரதேச செயலகத்திலும் அதுதான், கோயிலிலும் அதுதான். ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், எத்தனையாவது லயத்து வீடு என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்லுவார். என்னிடமோ நாலைந்து தமிழ் இருந்தது. கொழும்பு வாடிக்கையாளருக்கு ஒன்று, யாழ்ப்பாணத்து ஏஜென்டுக்கு ஒன்று, ஃபேஸ்புக்கில் சென்னைப் பையன்களோடு பேச இன்னொன்று. ஊர் கேட்டால் "மாத்தளை டவுன்" என்பேன். டவுனில் எனக்கு ஒரு முழ நிலம்கூடக் கிடையாது.

ஒரு தடவை உக்குவளை பஸ்ஸில் அக்கா எனக்குப் பின்சீட்டில் இருந்தது தெரியாமல், ஃபோனில் "ஓமோம், நான் நாளைக்கு எடுத்துக் கதைக்கிறன்" என்று யாழ்ப்பாணத்து ஏஜென்டிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபோனை வைத்ததும் பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"தம்பி, இப்ப பேசினது யாரு?"

"நான்தான்க்கா. வேற யாரு?"

"அப்படியா? நீ எங்கயோ எறங்கிப் போயிட்டியோன்னு நெனச்சேன்."

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குச் சுள்ளென்று ஏறியது. இவருக்கு என்ன தெரியும், இப்படிப் பேசிப் பேசித்தான் ஆயுசு முழுக்கக் கடை வாசலில் நிற்கப்போகிறார் என்று மனதுக்குள் திட்டினேன். இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

தேர்த் திருவிழா நாட்களில் தொலைந்துபோகிற பிள்ளைகளை அறிவிக்கக் கோயில்காரர்கள் அக்காவைத்தான் தேடுவார்கள். வேறு யாராவது மைக் பிடித்தால் "நீலச் சட்டை அணிந்த சிறுவனின் பெற்றோர் உடனடியாக அலுவலகத்துக்கு வரவும்" என்பார்கள். கேட்கிற தாய்க்குப் பாதி உயிர் போய்விடும். அக்கா இப்படிச் சொன்னதை நானே கேட்டேன்: "செவப்பு கவுன் போட்ட புள்ள எங்கிட்ட இருக்கு. ஐஸ் சொக் சாப்பிட்டுக்கிட்டு நல்லா இருக்கு. அம்மா ஓடி வராதீங்க, கூட்டத்துல விழுந்துருவீங்க. மெதுவா வாங்க. நான் பாத்துக்கிறேன்தானே." அந்தத் தாய் அழாமல் வந்து சேர்ந்தார்.

இனி அந்த கேமைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் டவுனில் ஓர் இன்டர்நெட் கடையில் மணிக்கணக்கில் விளையாடியது. மலைநாட்டுக் கோட்டை ஒன்று, அதைச் சுற்றிப் பெரிய படை, உள்ளே பசியோடு முந்நூறு வீரர்கள், அவர்களுக்கு ஒரு பெண் தளபதி. அப்போது கேமில் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். தளபதியின் வசனத்தில் பாதி எனக்கு விளங்காது. ஆனாலும் ஒரு வரி விடாமல் மனப்பாடம். வீரமான ஆட்கள் நம்மைப் போலப் பேசமாட்டார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அந்தக் கடையில் உட்கார்ந்து நானே படித்துக்கொண்டேன்.

அப்படியே நின்றுபோன அந்த கேமைப் பல வருஷம் கழித்து வேறொரு கம்பெனி தூசு தட்டி எடுத்தது. புதுப் படம், புது இசை, பல பாஷைகளில் புதுக் குரல்கள், அவற்றில் தமிழும் ஒன்று. எங்கள் ரசிகர் குழு துள்ளிக் குதித்தது. கொழும்பு, சென்னை, டொராண்டோ என்று உலகம் முழுக்க இருந்த தமிழ் ஆட்கள். எனக்கு அங்கே போலிப் பெயர். என் முகத்துக்குப் பதில் அந்தத் தளபதியின் படத்தைப் போட்டு வைத்திருந்தேன்.

முதல் விளம்பரத் துண்டு ஒரு சனிக்கிழமை பகலில் வந்தது. அரை நிமிஷம்கூட இராது. குதிரைச் சத்தம், தீ, புகை. தளபதி திரும்பித் தன் ஆட்களைப் பார்த்துச் சொல்கிறாள்: "பயப்படாதீங்க. நான் முன்னுக்கு நிக்கிறேன்தானே."

அவ்வளவுதான். குழு பற்றி எரிந்தது. "தானேயாம்!" என்று ஒருவர். "தளபதியா, சமையல்காரியா?" என்று ஒருவர். "தூய தமிழ் வேண்டும்" என்று கேட்டவர் அதை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். பழைய குரலின் ஆங்கிலம் தெய்வீகம் என்றவருக்கு அதில் எத்தனை வார்த்தை விளங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவரும் குழுவில் என்னோடு சேர்ந்து அகராதி தேடியவர்தான். கொஞ்ச நேரத்தில் "தோட்டக்காட்டுத் தமிழ்" என்ற வார்த்தை வந்துவிட்டது. வராமல் இருந்தால்தான் அதிசயம். மலைநாட்டில் பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று மட்டும், "எங்க வீட்ல பேசற மாதிரி ஒரு கேம்ல இப்பதான் மொதல் தடவையா கேக்குறேன், எனக்கு அழுகை வந்துருச்சு" என்று எழுதியது. அதற்குக் கிடைத்தது நாலைந்து சிரிக்கிற பொம்மை.

நானும் எழுதினேன். மற்றவர்கள் எழுதியதை இவ்வளவு நேரம் திட்டினேனே, எல்லாரையும்விட நன்றாக எழுதியவன் நான்தான். ஒரே வரி: "இது கோட்டை வாசலா, கொழுந்து மடுவமா?"

மடுவம் என்பது தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை. பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்க, கங்காணி கத்த, எப்போதும் சத்தமாக இருக்கிற இடம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவர்களும் சிரித்தார்கள். யாரோ விளம்பரத் துண்டை வெட்டி, தளபதியின் தலையில் கூடையை மாட்டி, என் வரியை அடியில் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது எங்கெல்லாமோ போய்விட்டது. எனக்கு ஒரே பெருமை. பிளேன்டீ வாங்கிக் குடித்துக்கொண்டே எத்தனை பேர் பகிர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது அக்காவின் குரல் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் இந்தச் சமாதானத்தை நானே நம்புவதில்லை. அந்தக் குதிரைச் சத்தத்துக்கும் இசைக்கும் நடுவில் ஆள் யார் என்று என் காதுக்குத் தெரியவில்லை, எந்த இடத்துக் குரல் என்று நன்றாகத் தெரிந்தது. நான் மூடி மறைத்து வைத்திருந்த இடத்தை உலகம் முழுக்கப் போட்டுக் காட்டுகிறார்களே என்றுதான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. கேமுக்காக வந்த கோபம் என்று குழுவில் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் அக்கா ரோட்டைக் கடந்து என் கடைக்கு வந்தார். விளம்பரம் வெளியாகும் வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்களாம். விளம்பரம் வந்துவிட்டதால் இனி சொல்லலாமாம். ஃபோனை நீட்டினார். "தம்பி, இது யாரு சொல்லு பாப்போம்?" துண்டு ஓடியது. ஓடி முடிகிற வரைக்கும் அவர் முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு. அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் நிமிர நேரமெடுத்துக்கொண்டேன்.

கதையெல்லாம் அன்றைக்கே சொன்னார். கடைக்குத் துணி எடுக்க வந்த கொழும்புப் பெண் ஒருவர் இவர் மைக்கில் பேசுவதைக் கேட்டுக் கூட்டிப் போயிருக்கிறார். மாதாமாதம் பௌர்ணமிக்கு வருகிற போயா லீவுகளில் போய்ப் போய்ப் பேசி முடித்திருக்கிறார். முதலில் வசனத்தை மேடைத் தமிழில்தான் கொடுத்தார்களாம்.

"நான் கேட்டேன், இந்தப் பொம்பள யாருகிட்ட பேசுறான்னு. அவ ஆளுங்ககிட்டத்தான், பட்டினி கெடக்கிற ஆளுங்கன்னாங்க. அப்ப எதுக்குங்க மேடையில நிக்கிற மாதிரி பேசணும்னு கேட்டேன். சரி, உங்க வீட்ல எப்படிச் சொல்லுவீங்களோ அப்படிச் சொல்லுங்கன்னாங்க. நான் சொன்னதும் ரெக்கார்டிங் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க எழும்பி நின்னுட்டாங்க தம்பி. மறுபடி ஒருக்கா சொல்லச் சொல்லிக் கேட்டாங்க."

இரண்டாம் பாகமும் வரப்போகிறது, அதிலும் அவர்தான் தளபதி என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மாதத்தில் நின்றுகொள்கிறேன் என்று முதலாளியிடமும் சொல்லிவிட்டார். முதலாளிக்கு கேம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் வருகிறவர்களிடமெல்லாம் "எங்கட மகள் வெளிநாட்டுக் கேமுல பேசுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா போனதும் என் வரியை அழித்தேன். அழித்து என்ன பயன்? அது என் கையை விட்டுப் போய் ரொம்ப நேரமாகியிருந்தது. போலிப் பெயரில் இன்னொரு பதிவு போட்டு, இந்தக் குரல்தான் சரி, மலைநாட்டுத் தளபதி மலைநாட்டுத் தமிழ் பேசினால் என்ன தப்பு என்று வாதாடியிருக்கலாம். நாலு பேர் திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். செய்யவில்லை. என்னையும் தோட்டக்காட்டான் என்பார்களோ என்ற பயம். முகமே இல்லாத இடத்திலும் அந்தப் பயம்! இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கேம் வெளியாகி ஐந்து வாரத்தில் கம்பெனிக்காரர்கள் பணிந்துவிட்டார்கள். ரசிகர்களின் உணர்வுகளுக்கு மதிப்பளித்து தளபதியின் தமிழ்க் குரலை மாற்றுகிறோம் என்று அறிவித்தார்கள். யாருடைய உணர்வு? பண்டாரவளைப் பிள்ளைக்கு உணர்வு இல்லையா? புதிய பதிப்பில் தளபதி, "அஞ்ச வேண்டாம் வீரர்களே! முன்னணியில் நான் நிற்கின்றேன்!" என்று முழங்கினாள். குழுவில் வெற்றி விழா. ஒரு வாரம் போனதும் அதே ஆட்கள், "என்னடா இது, செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று எழுதத் தொடங்கினார்கள். இந்த இலட்சணத்துக்குத்தான் ஒருத்தியின் வாயை அடைத்தார்கள்.

அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நன்றி, இரண்டாம் பாகத்துக்கு வேறொருவர் பேசுகிறார். ஆங்கிலத்தில் இருந்ததால் அதை வாசித்துச் சொல்ல என்னிடம் கொண்டுவந்தார். வாசித்துச் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்தார். அழவில்லை. கோபமாக இருந்தார், அந்தக் கோபமும் நிதானமாகத்தான் வந்தது.

"எல்லாத்தையும் வாசிச்சேன் தம்பி. ஒண்ணு விடாம. சமையல்காரின்னு எழுதினான், எழுதட்டும், சமைக்கிறது என்னா கொறச்சலா? தோட்டக்காட்டுத் தமிழ்னு எழுதினான், ஆமா, தோட்டத்துத் தமிழ்தான். அதெல்லாம் எனக்கு ஒறைக்கல." ஃபோனில் அந்தக் கூடை மாட்டிய படத்தை எடுத்துக் காட்டினார். "இது ஒண்ணுதான். இத எழுதினது கொழும்பு ஆளு இல்ல. வெளிநாட்டு ஆளும் இல்ல. அவனுங்களுக்கு மடுவம்னா என்னான்னு தெரியுமா? அங்க நின்னவனுக்குத்தான் தெரியும். இது நம்ம ஆளு."

நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீ கம்ப்யூட்டர் வேல தெரிஞ்சவன்தானே. இது யாருன்னு தேடிக் குடு."

"தேடி என்னக்கா செய்யப் போறீங்க? பொலிசுக்குப் போகப் போறீங்களா?"

"சேச்சே. ஒண்ணும் செய்ய மாட்டேன். ரெண்டு கேள்வி கேக்கணும். நீ எந்தத் தோட்டம்னு ஒண்ணு. உங்கம்மா கொழுந்து எடுத்தாங்களான்னு ஒண்ணு. பதில் சொன்னா போதும், விட்டுருவேன்."

"பாக்கிறேன்க்கா" என்றேன்.

முதலாளியிடம் சொன்ன தவணை வந்ததும் அவர் கடையை விட்டு நின்றார். முதலாளி எவ்வளவோ கெஞ்சினார். "நின்னுக்கிறேன்னு சொல்லிட்டேன் முதலாளி, சொன்னா சொன்னதுதான்" என்றுவிட்டார். போகிற அன்றைக்கும் ரோட்டைக் கடந்து வந்து, "கெடச்சானா?" என்று கேட்டார். "இன்னும் இல்லக்கா" என்றேன். தேடிக்கொண்டே இருக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கண்டியில் ஒரு கடையில் தைக்கிறார் என்று முதலாளி போன மாதம் சொன்னார். அங்கேயும் வாசலில் மைக் பிடிக்க ஆள் தேடியிருக்கிறார்கள். இவருடைய குரலைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு அது வராதுங்க என்று சொல்லிவிட்டாராம். அக்காவா அப்படிச் சொன்னார்? கேட்டதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது? அந்தக் குழுவில் இருந்தவர்களில் எனக்கு முகம் தெரிந்தது ஒருத்தனைத்தான்.

அக்கா, ஆள் கிடைத்துவிட்டான். நீங்கள் கேட்டதுக்குப் பதில் இதுதான். தோட்டம், நம்ம தோட்டம். அம்மா கொழுந்து எடுத்தாங்க. உங்க அம்மாவுக்குப் பக்கத்து நிரையில.